காலி இடம்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது போன ஐப்பசியில். கையும் காலும் மெல்லத் திரும்பிவிட்டன. பேச்சுதான் பாதியில் நின்றுவிட்டது. பெயர்கள் வரும், வேற்றுமை உருபு வராது. "அம்பத்தூர்... ஆவடி" என்பார். அம்பத்தூரிலிருந்து ஆவடிக்கா, ஆவடியிலிருந்து அம்பத்தூருக்கா? எஸ்டேட்டில் லேத் ஓட்டிய காலம் முழுக்க இரண்டு பக்கமும் போய்வந்தவர். நடுவில் திருமுல்லைவாயல், அண்ணனூர் என்று இரண்டே ஸ்டேஷன்.

அவர் பக்கத்தில் தூங்காமல் கிடந்த ராத்திரிகளில் போனில் லோஜ்பன் படிக்க ஆரம்பித்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. 1987இல் ஒரு சிறு குழு உருவாக்க ஆரம்பித்த செயற்கை மொழி அது. ஒரு வாக்கியத்தை இரண்டு விதமாகப் பிரிக்கவே முடியாதபடி இலக்கணம் இருக்கவேண்டும் என்பது அவர்கள் ஆசை.

அதில் உருபே இல்லாமல் பேசலாம். ஒவ்வொரு வினைக்கும் வரிசையாக இடங்கள் உண்டு. 'க்லாமா' என்றால் போவது, வருவது. அதற்கு ஐந்து இடம்: யார், எங்கே, எங்கிருந்து, எந்த வழியாக, எதில். சேருமிடம் முதலில், கிளம்பிய இடம் அப்புறம். 'மி க்லாமா லா ஆவடிஸ் லா அம்பதுர்' என்றால் நான் ஆவடிக்குப் போகிறேன், அம்பத்தூரிலிருந்து. பெயர்கள் மெய்யில் முடியவேண்டும் என்பதால் ஆவடிக்கு ஒரு 'ஸ்' ஒட்டிக்கொண்டது. அம்பத்தூர் ஏற்கெனவே மெய்யில் முடிவதால் தப்பித்தது.

அப்பா பேசுவதே இதுதானே என்று அன்றைக்கு நினைத்தேன். வரிசை தெரிந்தால் போதும், புரிந்துவிடும். இரண்டு நாள் நோட்டில் குறித்துப் பார்த்தேன். அவரிடம் வரிசையும் இல்லை.

கூட்டுச்சொல் விஷயத்திலும் லோஜ்பன் கறார். 'கெர்கு' நாய், 'ஸ்தானி' வீடு. தனித்தனியாக அடுத்தடுத்து வைத்தால் நாய் இருக்கும் வீடாகவும் இருக்கலாம், நாய் வடிவ வீடாகவும் இருக்கலாம். இரண்டையும் சுருக்கி 'கெர்ஸ்தா' என்று ஒட்டிவிட்டால் ஒரே பொருள்தான்: முதலிடத்தில் வீடு, இரண்டாமிடத்தில் அதில் இருக்கும் நாய். தமிழில் நேர்மாறு. ஒட்டும்போதுதான் உருபு தொலைகிறது. பொன்மணி என்றால் பொன்னாலான மணியா, பொன்னும் மணியுமா? ஒரு தொகைக்கு இரண்டு முதல் ஏழு பொருள்வரை வரலாம் என்று நன்னூலே சொல்கிறது. பள்ளிக்கூடத்தில் மார்க்குக்காகப் படித்தது.

மார்கழியில் ஒரு சாயங்காலம். அப்பா சமையலறைப் பக்கம் கையைக் காட்டி, "அம்மா மாத்திரை" என்றார்.

"குடுத்தாச்சுப்பா, மதியமே போட்டுக்கிட்டீங்க."

"அம்மா... மாத்திரை."

அம்மா தரும் மாத்திரை என்று எடுத்துக்கொண்டு டப்பாவைத் திறந்து காட்டினேன். தலையை ஆட்டினார். மறுபடி அதே இரண்டு சொல். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னொரு தடவ போட்டா ஆபத்துப்பா!" என்று கத்தினேன். அவர் கண் கலங்கியது.

எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டே போய் ஃபிரிட்ஜ் மேலிருந்த அம்மாவின் சர்க்கரை மாத்திரை அட்டையை எடுத்து வந்து என் மடியில் போட்டார். புதன், வியாழன் இரண்டு குழியிலும் மாத்திரை அப்படியே இருந்தது. அவரைப் பார்த்துக்கொள்ளும் அலைச்சலில் அம்மா போட்டுக்கொள்ளவே இல்லை.

அம்மாவுக்கு மாத்திரை. தொலைந்தது ஒரு 'கு'. அதைக் கண்டுபிடிக்க எனக்கு இலக்கணம் தடையாக இல்லை. நோயாளி எதைக் கேட்டாலும் தனக்காகத்தான் கேட்பார் என்று நானே முடிவு செய்து, 'யாருக்கு' என்ற இடத்தில் மூன்று மாதமாக அவரையே வைத்திருந்தேன்.

லோஜ்பனில் 'ஸோஹே' என்று ஒரு சொல் உண்டு. இங்கே ஏதோ ஒன்று இருக்கிறது, இப்போது சொல்லவில்லை என்று அர்த்தம். இப்போதெல்லாம் அப்பா இரண்டு சொல் சொன்னால் நான் உடனே முடித்து வைப்பதில்லை. "யாருக்குப்பா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். சில சமயம் பதில் வர ரொம்ப நேரம் ஆகிறது.

நேற்று, "ஆவடி... பீச்" என்றார்.

"இங்கேருந்து பீச்சுக்கா?"

தலையை அசைத்தார்.

"யாரு?"

விரலால் மூன்று என்று காட்டினார்.