அம்பும் அளவும்

வலிமை மிக்கவர் வெல்லும் விளையாட்டுகள் பல உண்டு. அளவறிந்தவர் வெல்லும் விளையாட்டுகளுள் ஒன்று, 'டார்ட்ஸ்' எனப்படும் அம்பெறிதல். இங்கிலாந்தில் வளர்ந்து உலகெங்கும் பரவிய இவ்விளையாட்டை, எங்கள் இரயில்வே குடியிருப்பின் மனமகிழ் மன்றத்தில் நண்பர்களோடு கற்றேன். பஞ்சாபி ஒருவன், வங்காளி ஒருவன், மலையாளி ஒருவன், தமிழனாகிய நான் என நால்வரும் இரண்டு அணிகளாகப் பிரிந்து ஆடுவோம்.

வட்டப் பலகையின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.73 மீட்டர் உயரத்தில் இருக்குமாறு அதனைச் சுவரில் மாட்டுதல் வேண்டும். எறிபவர், பலகையின் முகப்பிலிருந்து 2.37 மீட்டர் தொலைவில் உள்ள கோட்டைத் தாண்டலாகாது. அம்பின் முனை கூரியது. ஆதலால் ஒருவர் எறியும்போது மற்றவர் பலகையின் அருகே நிற்கலாகாது.

பலகையில் 20 பகுதிகள் உள்ளன. விளிம்பை ஒட்டிய குறுகிய வளையத்தில் அம்பு தைத்தால் அப்பகுதியின் எண் இருமடங்காகும்; உள்ளே அமைந்த குறுகிய வளையத்தில் தைத்தால் மும்மடங்காகும். நடுப்புள்ளிக்கு 50, அதனைச் சூழ்ந்த சிறு வளையத்திற்கு 25. எண்கள் வரிசையாக அமையவில்லை. உச்சியிலுள்ள 20க்கு இடப்புறம் 5, வலப்புறம் 1. பெரிய எண்ணை நாடிச் சற்றே குறி பிறழ்ந்தவருக்குச் சிறிய எண்ணே கிட்டும்.

ஒவ்வோர் அணியும் 501 புள்ளிகளுடன் தொடங்கும். ஒரு முறைக்கு மூன்று அம்புகள். பெற்ற புள்ளிகளை அவ்வப்போது கழித்துவர வேண்டும். ஒரு முறையில் 180 வரை பெறலாம். ஆயினும் முடிப்பதே அரிது. இறுதி அம்பு இருமடங்கு வளையத்தில் தைத்து, கணக்கு சரியாகச் சுழியத்தில் முடிய வேண்டும். எஞ்சியதைவிட மிகுதியாகப் பெற்றாலும், 1 மட்டும் எஞ்சினாலும் அம்முறை செல்லாது. பழைய எண்ணுக்கே திரும்ப வேண்டும். ஆதலால் தேர்ந்தவர் 32ஐ எஞ்சவைக்க விரும்புவர். இருமடங்கு 16ஐக் குறிவைத்து, ஒற்றை 16 கிட்டினாலும் கவலையில்லை. எஞ்சிய 16ஐ இருமடங்கு 8ஆல் முடிக்கலாம்.

ஒரு மழைக்கால மாலையில், எதிரணியில் இருந்த பஞ்சாபி நண்பனுக்கு எஞ்சியது 16. அவனுடைய மூன்றாம் அம்பு வளையத்தின் ஓரத்தில் தைத்தது. தொலைவில் நின்ற நாங்கள் அவன் வென்றான் என்றே எண்ணிக் கைதட்டினோம். சுண்ணக்கட்டியுடன் புள்ளி எழுதிக்கொண்டிருந்தவன் அவனுடைய அணித்தோழனாகிய மலையாளி நண்பன். அவன் பலகையை நெருங்கி உற்று நோக்கினான். "அம்பு கம்பிக்கு வெளியே இருக்கிறது, புள்ளி இல்லை" என்றான். அவன் வாளாவிருந்திருந்தால் எவரும் ஐயுற்றிரார். அடுத்த முறையில் என் தோழன் ஆட்டத்தை முடித்தான். வெற்றி எங்களுடையதாயிற்று, ஆயினும் எங்களால் ஆரவாரம் செய்ய இயலவில்லை.

பஞ்சாபி நண்பன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பின்னர்ச் சுண்ணக்கட்டியை எடுத்து மலையாளி நண்பனின் கையில் வைத்து, "இனி எந்த ஆட்டத்திலும் நீயே எழுது" என்றான். அன்று முதல் புள்ளிகளைக் குறித்து எங்களுக்குள் பூசல் எழுந்ததே இல்லை. நண்பர்கள் கூடி ஆடும் ஆட்டத்தில் நடுவர் என எவரும் இலர். ஒவ்வொருவரும் தமக்கு எதிராகவும் உண்மை கூறினால்தான் ஆட்டம் ஆட்டமாக நிலைக்கும்.