காமலாபுரத்துக்கு மறுபடியும் விமானம்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. வருடாந்திரக் கணக்கு முடிப்பு, ஆடிட், இடையில் ஒரு டிரான்ஸ்ஃபர் புரளி என்று வங்கியில் ஆணி கொஞ்சம் அதிகம். எழுத வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப்போட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

2023 அக்டோபர் மாதம். ராத்திரி சாப்பாட்டுத் தட்டுடன் உட்கார்ந்திருந்தபோது தங்கமணி போனைப் பார்த்துக்கொண்டே, "உங்க ஊருக்கு ஃப்ளைட் விடறாங்களாம். நம்ம ஹைதராபாத்துலேர்ந்தே" என்றாள். எங்கள் ஊர் என்றால் ஓமலூர். சேலம் விமான நிலையம் என்று பெயரே தவிர, அது இருப்பது சேலத்தில் இல்லை. தர்மபுரி போகும் சாலையில், ஓமலூருக்குக் கொஞ்சம் வடக்கே காமலாபுரத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் இறங்கும் விமானம் தெரியும். வந்தால்தானே!

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுற்ற வேண்டும். 1993-ல் அந்த நிலையம் வந்தபோது நான் பள்ளிக்கூடப் பையன். என்.இ.பி.சி. விமானம் வருகிறது என்று சைக்கிளில் கூட்டமாகப் போய் வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். கொஞ்ச நாளில் அது நின்றது. அப்புறம் பல வருடம் ஓடுதளத்தில் வெயில் மட்டும்தான் இறங்கியது. 2009-ல் கிங்ஃபிஷர் வந்தது, இரண்டு வருடத்தில் போனது. 2018 மார்ச் 25-ல் உடான் திட்டத்தில் ட்ரூஜெட் சென்னையிலிருந்து வர ஆரம்பித்தது. 2021-ல் அதுவும் நின்றது. 2022 பிப்ரவரியில் அந்த நிறுவனமே பறப்பதை நிறுத்திவிட்டது.

ட்ரூஜெட் வந்த வருடம், ஹைதராபாத்திலிருந்து சென்னை போய், அங்கே மாறி ஒருமுறை இறங்கினேன். அப்பா வரவேற்க வந்திருந்தார். அவர் சர்வீஸில் இருந்த காலத்தில் விமானத்தில் ஏறியதே இல்லை. நிலையத்தை ஒரு சுற்று பார்த்துவிட்டு, "பஸ் ஸ்டாண்டு இதைவிடப் பெரிசா இருக்குது" என்றார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் நான் பெருமையாக ஏதோ சொல்லிக்கொண்டு வர, "வர்றது பெரிசில்லடா, வந்துட்டே இருக்கணும்" என்றார். மூன்றாவது தடவை பார்க்கிறவர் வேறு எப்படிப் பேசுவார்?

வெளியூரில் இருக்கும் நமக்கெல்லாம் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். யாரும் வெளியே சொல்வதில்லை. நடுராத்திரி ஊரிலிருந்து போன் வந்தால் எத்தனை மணி நேரத்தில் வாசலில் போய் நிற்க முடியும் என்ற கணக்கு. எனக்கு சபரி எக்ஸ்பிரஸ் என்றால் செகந்திராபாத்தில் மதியம் ஏறி மறுநாள் விடியற்காலை சேலம். அதுவும் டிக்கெட் கிடைத்தால். அவசரம் என்றால் பெங்களூருக்கு விமானம், அங்கிருந்து டாக்ஸி. தேவனஹள்ளியிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி என்று இருநூறு கிலோமீட்டருக்கு மேல்.

2021 அக்டோபரில் அந்த போன் வந்தது. சாயந்திரம் ஐந்தரை மணி. அப்பாவுக்கு மூச்சுத் திணறல், சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்று தங்கச்சி பேசினாள். குரலை வைத்தே புரிந்துவிட்டது. கேஷ் சாவியை இன்னொரு ஆபீசரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு நேரே ஏர்போர்ட். பெங்களூரில் இறங்கி டாக்ஸி பிடித்தபோது மணி பத்தரை. கிருஷ்ணகிரி டோல் தாண்டியதும் மறுபடி தங்கச்சி போன். ஒன்றும் சொல்லவில்லை, அழுதாள்.

டிரைவருக்கு நான் எதுவும் சொல்லவில்லை. தொப்பூர் கணவாயில் லாரி ஒன்று மறித்து நின்று வண்டிகள் வரிசை கட்டியிருந்தன. அந்தப் பையன் அவசரப்பட்டு ஓரமாக நுழைக்கப் பார்த்தான். "மெதுவாவே போப்பா, அவசரமில்ல" என்றேன். ஏறும்போது சீக்கிரம் சீக்கிரம் என்று பிடுங்கிய ஆள் இப்படிச் சொல்கிறாரே என்று கண்ணாடியில் பார்த்தான். புரிந்துகொண்டான் போல. அதன்பின் பாட்டையும் நிறுத்திவிட்டான்.

காமலாபுரத்தைத் தாண்டும்போது மணி மூன்றரை இருக்கும். விமான நிலையப் பெயர்ப்பலகை மேல் கார் விளக்கு விழுந்து போனது. உள்ளே இருட்டு. இறங்க ஓடுதளம் இருந்தும், மலையைச் சுற்றி அதன் வாசல் வழியாகவே நான் ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன். அன்றைக்கு வந்த கோபம் யார் மேல் என்று எனக்கே தெரியாது.

பிறகு ஆறுதலுக்காகவா, வங்கிக்காரன் புத்தியாலா தெரியவில்லை, உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ட்ரூஜெட் நிற்காமல் இருந்திருந்தாலும் அது சென்னையிலிருந்து காலையில் வரும் விமானம். எனக்கு போன் வந்தது சாயந்திரம். எந்தக் கணக்கிலும் அப்பாவை உயிரோடு பார்த்திருக்க முடியாது. இதைத் தெரிந்துகொண்டதில் மனசு கொஞ்சம்கூட லேசாகவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2023 அக்டோபர் 16-ல் அலையன்ஸ் ஏர் பெங்களூர் – சேலம் – கொச்சி தடத்தில் பறக்க ஆரம்பித்தது. அந்த மாதக் கடைசியில் இண்டிகோ சென்னையிலிருந்தும், பெங்களூர் – சேலம் – ஹைதராபாத் தடத்திலும் தொடங்கியது. இங்குள்ள எங்கள் ஊர்க்காரர்களின் வாட்ஸப் குழுவில் ஒரே கொண்டாட்டம். இனி மாசாமாசம் ஊருக்குப் போகலாம், தறியில் நெய்த பட்டுப்புடவையைக் கையோடு வாங்கி வரலாம் என்றெல்லாம் திட்டம். மூன்று மாதம் கழித்து, யார் யார் போனீர்கள் என்று கேட்டேன். நாற்பது பேரில் நான்கு பேர். "ட்ரெயின் சீப்பு சார்" என்றார் ஒருவர்.

இங்கேதான் எனக்கு உதறல். உடான் எப்படி ஓடுகிறது என்று கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சின்ன ஊருக்குப் பறக்கும் நிறுவனம் ஏறக்குறைய பாதி சீட்டை வரம்புக்குட்பட்ட கட்டணத்தில் விற்க வேண்டும். 2017-ல் ஆரம்பித்தபோது ஒரு மணி நேரப் பயணத்துக்குச் சுமார் 2,500 ரூபாய். அதில் வரும் நஷ்டத்தை ஈடுகட்ட அரசு பணம் தருகிறது. அந்தப் பணத்தில் பெரும்பங்கு, பெரிய ஊர்களுக்கிடையே பறக்கும் விமானங்கள் மேல் போடும் தீர்வையிலிருந்து வருகிறது. மாநில அரசு தன் பங்குக்கு 20 சதவீதம். எல்லாம் மூன்று வருடத்துக்குத்தான். அதன்பின் சொந்தக் காலில் நிற்க வேண்டும்.

நாங்கள் தொழில் கடனுக்குக் கொடுக்கும் மாரட்டோரியம் மாதிரிதான் இது. அந்தக் காலத்தில் எல்லாக் கணக்கும் நல்ல கணக்குத்தான். முடிந்த பிறகுதான் எது வாராக்கடன் என்று தெரியும். 2023-ல் வந்த சி.ஏ.ஜி. அறிக்கையைப் படித்தேன். 774 தடங்களில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371-ல் மூன்று வருடத்தை முடித்தவை 112. அதற்குப் பிறகும் 2023 மார்ச்சில் ஓடிக்கொண்டிருந்தவை வெறும் 54. எந்தக் கிளையிலாவது கடன் கணக்கு இந்த லட்சணத்தில் இருந்தால் மேனேஜர் தலையில் துண்டு போட்டுக்கொள்ள வேண்டியதுதான். ட்ரூஜெட்டுக்கு 2018 மார்ச்சோடு மூன்றைக் கூட்டிப் பாருங்கள், 2021 வரும். கொரோனாவும் சேர்ந்து அடித்தது, இல்லை என்று சொல்லவில்லை. இப்போதைய தடங்களுக்கு அதே மாதிரி கூட்டினால் 2026 அக்டோபர்.

அதனால் ஒரு முடிவு எடுத்தேன். தேதி பொருந்தினால் ஊருக்கு விமானம்தான். செலவுதான், தங்கமணியிடம் திட்டும் உண்டு. நாமே ஏறவில்லை என்றால் அந்த எழுபத்தெட்டு சீட்டில் யார் வந்து உட்காரப் போகிறார்கள்?

2024 பிப்ரவரியில் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். இரண்டு மணி நேரத்துக்குள் ஊரில் இறங்கிவிட்டேன். விசிறி வைத்த சின்ன ஏ.டி.ஆர். விமானம். இறக்கைக்குக் கீழே சேர்வராயன் மலை தெரிந்தது. இறங்கி நடந்து வந்தால் பத்து நிமிடத்தில் வெளியே. அப்பா நின்ற இடத்தில் சிக்கனம்பட்டி பெரியப்பா மகன் பைக்குடன் நின்றார். பையை முன்னால் வைத்துக்கொண்டு, "வா தம்பி, பிளேன்ல வந்துட்ட, பெரிய ஆளு" என்று சிரித்தார். பிறகு பாதி வழியில், "நீங்க வந்து எறங்குறது சந்தோசம்தான். ஆனா இன்னும் நீளம் பண்றோம்னு வந்தாங்கன்னா எங்க கெணறும் காடும் போயிரும். அதையும் மனசுல வச்சுக்க" என்றார்.

ஓடுதளம் ஏறக்குறைய 1,800 மீட்டர்தான். பெரிய விமானம் வர வேண்டுமானால் நீட்ட வேண்டும். அதற்காகச் சுமார் 570 ஏக்கர் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து 2018-ல் காமலாபுரம், பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி மக்கள் போராடினார்கள். அண்ணன் அதில் நின்றவர். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சின்ன விமானமே நிறைந்து வந்துகொண்டிருந்தால் எனக்குப் போதும். அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "உனக்குப் போதும், அவங்களுக்குப் போதணுமே" என்றார்.

அம்மாவை ஹைதராபாத்துக்கு வந்துவிடச் சொல்லி எத்தனையோ தடவை கெஞ்சியாயிற்று. "இந்த வீட்ட உட்டுட்டு அங்க வந்து நாலு செவுத்தப் பாத்துட்டு ஒக்காரச் சொல்றியா?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் விமானம் வர ஆரம்பித்த பிறகு ஒரு புதுப் பழக்கம். சத்தம் கேட்ட நாளில் போன் பண்ணும்போது, "இன்னிக்கு வந்துருச்சு கண்ணு" என்று சொல்வார். மழை மேகத்தில் இறங்க முடியாமல் திரும்பிய நாளும் அவருக்குத் தெரியும்.

போன வாரம் போன் வந்தது. குரலில் ஒரு கலக்கம்.

"ஏங்கண்ணு, நாலு நாளா சத்தமே காணோம். மறுபடி நிறுத்திப்புட்டாங்களா?"

எனக்கும் பக்கென்றது. லைனில் இருக்கச் சொல்லிவிட்டு இன்னொரு போனில் பார்த்தேன். நேரத்தை மாற்றியிருந்தார்கள்.

"இல்லம்மா, வருது. நீ மத்தியானம் தூங்குற நேரத்துல வருது."

"அப்படியா?" கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சரி, நாளைக்கு முழிச்சிருந்து பாக்கறேன்."