நிறுவப்படாத நம்பிக்கை

புற்றுநோயைத் தீர்க்கவென ஆக்கப்பட்ட கருவியொன்று நோயாளரின் உயிருக்கே கூற்றாகிய வரலாறு, கணனியை நம்பி வாழும் இக்காலத்தில் மறக்கத் தக்கதன்று. கனடாவில் உருவான ‘தெராக்-25’ என்னும் கதிர்வீச்சுக் கருவி, 1985 யூனுக்கும் 1987 யனவரிக்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளருக்கு அளவிறந்த கதிர்வீச்சைச் செலுத்தியது. அவர்களுட் சிலர் அதனாலேயே மாண்டனர்.

இக்கருவி இருவகையில் இயங்கியது. ஒன்றில் இலத்திரன் கற்றை நேரே உடலிற் படும். மற்றையதிற் பன்மடங்கு வலிய கற்றை உலோக இலக்கொன்றில் மோதி எக்ஸ் கதிராக மாறிப் படும். வலிய கற்றை இலக்கின்றிப் பாயாதவாறு முந்திய கருவிகளிற் காத்துநின்ற பொறிமுறைத் தடைகள் இதில் நீக்கப்பட்டு, அக்காவல் கணனி நிரலிடமே விடப்பட்டது. 1986இல் ரெக்சாசில், இயக்குநர் தாம் பிழையாக இட்ட எழுத்தொன்றை எட்டு விநாடிக்குள் திருத்தியபோது அக்காவல் பொய்த்தது. மெதுவாகத் திருத்தியிருப்பின் ஏதும் நேர்ந்திராது. 1987இல் நேர்ந்த விபத்திலோ, நிரலினுள் இருந்த எண்ணியொன்று 255ஐத் தாண்டிப் பூச்சியமாகிய கணத்திற் பொத்தான் அழுத்தப்பட்டமையால், காவற் சோதனையே நடைபெறாது போயிற்று.

இத்தகைய கணங்கள் ஆயிரம் சோதனைகளுக்கும் அகப்படாதிருக்கலாம். எத்துணைச் சோதித்தாலும் வழு இல்லையென்று அதனால் உறுதிகூற இயலாது என்பதை டைக்ஸ்ட்ரா அன்றே வற்புறுத்தினார். ஆகவே, கருவி அடையக்கூடிய நிலைகளையெல்லாம் கணிதக் குறியீடுகளால் வரையறுத்து, ‘இலக்கு உரிய இடத்தில் இல்லையாயின் வலிய கற்றை பாயாது’ என்ற கூற்று ஒவ்வொரு நிலையிலும் மெய்யாதலை நிறுவும் முறை வேண்டப்பட்டது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜொனதன் ஜாக்கியும் உடனுழைத்தோரும், நியூத்திரன் சிகிச்சைக் கருவியொன்றின் கட்டுப்பாட்டு நிரலை 1990களில் ‘இசட்’ என்னும் குறியீட்டு மொழியில் விவரித்து உருவாக்கினர். கலைப்பீடத்தில் அளவையியல் பயில்வோர் பரீட்சைக்கெனக் கற்கும் ‘எல்லா’, ‘ஆயின்’ என்பவற்றின் குறிகளே அங்கு உயிர்காக்கும் பணியில் அமர்ந்தன.

எனினும் நிறுவல், எடுத்துரைத்த நிபந்தனையையே காக்கும். உரைக்க மறந்ததைக் காவாது. எது தீங்கு என்பதை முதலில் மனிதரே சொல்லுதல் வேண்டும். 1985இல் முதல் நோயாளி, கருவி தம்மைச் சுட்டுவிட்டதென முறையிட்டபோது, அது நடவாது என்றே விடை கிடைத்தது. அவ்விடைக்கு நிறுவல் எதுவும் இருக்கவில்லை. கருவியின் மேலிருந்த நம்பிக்கை மட்டுமே இருந்தது. நிரலிடம் நிறுவல் கேட்கும் கண்டிப்பும், நோயாளியின் சொல்லைச் செவிமடுக்கும் பணிவும் ஒருங்கு அமைந்தாலன்றி, அத்தகைய விடை மீண்டும் சொல்லப்படும்.