குடும்பத்துக்கு ஒரு வாக்கு

கிரிக்கெட் கழகம் ஒன்றில் சண்டை வந்தால் அது பெரும்பாலும் கிரிக்கெட்டைப் பற்றியதாக இருக்காது. மைதானம் எந்த நாளில் யாருக்கு, பவிலியன் திறப்பு யாருடைய கையில், கூட்டத்தில் கை உயர்த்தும் உரிமை யாருக்கு என்பவற்றைப் பற்றியதாகவே இருக்கும். லண்டன் புறநகர் ஒன்றிலுள்ள எங்கள் கழகத்தில் இரண்டு வருடங்கள் நடந்த சண்டையும் அப்படித்தான். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது சிறுமிகளின் ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளைப் பற்றிய தகராறு. உள்ளே இருந்த எங்களுக்கு, நாங்கள் இந்தக் கழகத்தின் உறுப்பினர்களா இல்லையா என்ற கேள்வி.

இங்கிலாந்தின் உள்ளூர்க் கழகங்களில் நிர்வாகக் குழுவினர் அநேகமாக எல்லோருமே தொண்டர்கள். வேலை முடிந்து வந்து புல் வெட்டுபவர்கள், இரவில் கணக்கு எழுதுபவர்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் பதவிகளை ஏற்க ஆள் கிடைப்பதே கடினம். அதனால் ஒருமுறை வந்தவர் பத்து, பதினைந்து வருடம் இருந்துவிடுவார். மற்றவர்களுக்கும் அது வசதி. நன்றியுணர்வும் சோம்பலும் சேர்ந்து ஒரு கழகத்தை ஐந்தாறு பேரின் வீடாக மாற்றிவிடும். வீட்டுக்காரரிடம் கேள்வி கேட்பது மரியாதையில்லை என்ற நினைப்பும் கூடவே வந்துவிடும்.

2016இல் என் மகளை அங்கே சேர்த்தோம். அவளுக்கு ஆறு வயது. யாழ்ப்பாணத்தில் நான் வளர்ந்த காலத்தில் கிரிக்கெட் அண்ணன்மாருடையது. 1904இலிருந்து நடந்துவரும் மத்திய கல்லூரி, சென்ற் ஜோன்ஸ் கல்லூரி பெரும் போட்டி வந்தால் வீடே இரண்டு பட்டுவிடும். ஓட்டங்களும் விக்கெட்டுகளும் எனக்கு மனப்பாடம். ஆனால் மட்டையை நான் கையில் எடுத்தது முற்றத்துப் பந்துகளை அடிக்க மட்டும்தான். மகள் பந்து வீசுவதைப் பார்க்கப் போய், நான் ஸ்கோர் புத்தகம் எழுதத் தொடங்கினேன். பிறகு தேநீருக்கும் என்னை அழைத்தார்கள்.

தேநீர் என்றால் ஒரு கோப்பைத் தேத்தண்ணி அல்ல. இரண்டு அணிகளுக்கும் நடுவர்களுக்கும் சான்ட்விச், கேக், பழம் எல்லாம் சேர்ந்த ஒரு சாப்பாடு. சனிக்கிழமை காலை பாண் வாங்குவதில் தொடங்கி மாலை ஏழு மணிக்குப் பாத்திரம் கழுவுவதில் முடியும். அதைச் செய்தவர்கள் பெண்கள். நிர்வாகக் குழுவில் பெண்ணுக்கு இருந்த ஒரே கதிரையும் 'தேநீர்ச் செயலாளர்' என்பதுதான். கொரோனாவுக்குப் பிறகு பல லீக்குகள் தேநீர் கட்டாயமில்லை என்று முடிவு செய்தன. எங்கள் லீக்கும் செய்தது. எங்களுக்கு நிம்மதி. ஆனால் அடுத்த பொதுக்கூட்டத்தில் அந்தப் பதவியையும் நீக்கிவிட்டார்கள். சமையல் வேலை போனது, அதனோடு ஒட்டியிருந்த கதிரையும் போனது. வேறு கதிரை எதுவும் எங்களுக்குப் போடப்படவில்லை.

2023 வசந்தத்தில் நிர்வாகக் குழுவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. புதிதாக ஓர் ஆண்கள் ஞாயிறு அணி தொடங்குகிறது, பிரதான மைதானத்தின் ஆடுகளங்கள் அத்தனை போட்டிகளைத் தாங்காது, ஆகவே 13 வயதுக்குட்பட்ட சிறுமிகள் அணி இனி இரண்டாவது மைதானத்தில் விளையாடும் என்று அதில் இருந்தது. புல் ஆடுகளம் பற்றிய கவலையில் உண்மை உண்டு. ஒரு களத்தை வெட்டி, நீரூற்றி, ரோலர் போட்டுத் தயார் செய்யப் பல நாட்கள் எடுக்கும். விளையாடி முடித்த பிறகு அதை ஆறவும் விடவேண்டும். ஆனால் அந்தச் சுமையைக் குறைக்க, புதிதாக வந்தவர்களை அனுப்பாமல், ஏழு வருடமாக அங்கே விளையாடிய பிள்ளைகளை ஏன் அனுப்பவேண்டும் என்பதற்குக் கடிதத்தில் பதில் இல்லை.

இரண்டாவது மைதானம் நகரசபைப் பூங்காவின் ஒரு மூலை. செயற்கைப் புல்விரிப்பு, இரண்டு வாங்கு, அவ்வளவுதான். மலசலகூடம் இல்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள், வெள்ளைக் காற்சட்டை, நாலு மணி நேரப் போட்டி. இதைக் கொஞ்சம் யோசித்தால் போதும். ஜூன் மாதத்தில் ஒரு பிள்ளைக்கு அங்கேதான் முதன்முதலாக மாதவிடாய் வந்தது. தன் சுவெற்றரை இடுப்பில் கட்டிக்கொண்டு, வெயிலில், தாய் கார் கொண்டுவரும்வரை எல்லைக் கோட்டருகே இருந்தாள். அதற்குப் பிறகு அவள் வரவில்லை. அடுத்த வாரம் அவளுடைய சிநேகிதியும் வரவில்லை. செயலாளரிடம் சொன்னபோது, அருகிலுள்ள கடையில் கேட்டால் அனுமதிப்பார்கள் என்றார்.

அந்த ஜூன் மாதத்திலேதான் இங்கிலாந்து கிரிக்கெட்டில் சமத்துவம் பற்றி ஆராய்ந்த சுயாதீன ஆணைக்குழுவின் அறிக்கை வந்தது. இனவாதமும் பெண்களைத் தாழ்த்துவதும் வர்க்க வேறுபாடும் இந்த விளையாட்டில் பரவிக்கிடக்கின்றன என்று அது சொன்னது. கிரிக்கெட் சபை மன்னிப்புக் கேட்டது. எங்கள் பவிலியன் அறிவித்தல் பலகையில் அந்த மன்னிப்பின் பிரதி ஒட்டப்பட்டிருந்தது. அதற்குக் கீழே சிறுமிகளின் போட்டி அட்டவணை, இரண்டாவது மைதானம் என்ற குறிப்புடன்.

தாய்மார் ஆறு பேர் கூடிக் கழக யாப்பை வாங்கி வாசித்தோம். பன்னிரண்டு பக்கம். விசேட பொதுக்கூட்டம் கூட்ட, வாக்குரிமையுள்ள 15 பேரின் கையெழுத்து வேண்டும். எங்களில் ஒருவருக்கும் வாக்குரிமை இருக்கவில்லை. வளர்ந்த ஆட்டக்காரர்களுக்கு ஆளுக்கொரு வாக்கு. பிள்ளைகள் மூலம் சேர்ந்தவர்கள் 'குடும்ப உறுப்பினர்', குடும்பத்துக்கு ஒரு வாக்கு. அதைப் படிவத்தில் முதலாவதாகப் பெயரிடப்பட்டவர் அளிப்பார். 34 குடும்பங்களின் படிவங்களிலும் முதற்பெயர் தகப்பனுடையது. படிவத்தை நிரப்பிய கை அநேகமாகத் தாயுடையது. இங்கே யாரும் பெண்களுக்கு வாக்கில்லை என்று எழுதி வைக்கவில்லை. குடும்பம் என்று எழுதியிருந்தார்கள், அதுவே போதுமாக இருந்தது.

ஆகவே வாக்குரிமை கேட்பதற்காக, கணவன்மாரிடம் கையெழுத்து வாங்கப் போனோம். சிலர் உடனே போட்டார்கள். சிலர் "இதெல்லாம் தேவையா" என்றார்கள். ஒருவர் சிரித்துக்கொண்டே, "வீட்டில்தான் எல்லா முடிவும் உங்களுடையதுதானே" என்றார்.

எனக்குக் கடினமாக இருந்தது உபதலைவரோடு கதைத்ததுதான். அவர் எங்கள் ஊர்ப் பக்கத்து மனிதர், நான் அண்ணை என்று கூப்பிடுபவர். தொண்ணூறுகளில் அவர் இந்தக் கழகத்துக்கு வந்தபோது தமிழ்ப் பொடியன்களை எல்லாம் மூன்றாம் அணியில் போட்டு, அதே பூங்கா மூலைக்குத்தான் அனுப்பினார்களாம். பவிலியன் மதுச்சாலையில் அவர்களோடு யாரும் கதைப்பதில்லை. பிரதான மைதானத்துக்கு வர அவருக்கு ஒன்பது வருடம் எடுத்தது. அதை எனக்குச் சொன்னவரும் அவர்தான்.

"தங்கச்சி, இவங்கள் எங்களை உள்ளுக்கை விட்டதே நேற்றைக்குத்தான். இதைப் பெரிசாக்கினா, தமிழராலைதான் கழகம் பிரியுது எண்டு சொல்லுவாங்கள். கொஞ்சம் பொறுங்கோ" என்றார்.

"அண்ணை, நீங்கள் விளையாடின அதே மூலைக்குத்தானே இப்ப பிள்ளையளை அனுப்புறியள்" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. அவருடைய பயம் பொய்யல்ல என்று எனக்குத் தெரியும். புலம்பெயர்ந்த சமூகத்தில் பெண்ணுக்குக் கிடைக்கும் முதல் புத்திமதி இதுதான்: இப்ப வேண்டாம், வெளியாக்கள் பார்க்கிறார்கள். ஆண்கள் வாசலைத் தாண்டி உள்ளே போய் அமரும்வரை பெண்கள் பொறுக்கவேண்டும். அமர்ந்த பிறகு, அந்த இருக்கையைக் காப்பாற்றுவதற்காகப் பொறுக்கவேண்டும். எப்போது பொறுமை முடியும் என்று எவரும் திகதி சொல்வதில்லை.

ஜூலையில் விசேட கூட்டம் நடந்தது. குடும்ப உறுப்புரிமையில் வளர்ந்தோர் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு என்பது எங்கள் தீர்மானம். யாப்பை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். நாங்கள் சுவரோரம் பார்வையாளர்களாக நின்றோம். ஆதரவு 22, எதிர்ப்பு 16. பெரும்பான்மை கிடைத்தும் தோற்றோம்.

எம்.சி.சி.யின் கதை அப்போது நினைவுக்கு வந்தது. 1787இல் தொடங்கிய அந்தக் கழகம் பெண்களை உறுப்பினராக்க 1998வரை மறுத்தது. 1973இல் முதலாவது பெண்கள் உலகக் கிண்ணத்தை வென்ற இங்கிலாந்து அணியின் தலைவி ரேச்சல் ஹேஹோ பிளின்ற். ஆண்களின் முதல் உலகக் கிண்ணத்துக்கு இரண்டு வருடம் முந்தியது அது. அவர் 1991இல் விண்ணப்பித்தபோது முதற்பெயரை எழுதாமல் முன்னெழுத்தை மட்டும் போட்டார். 1998 பெப்ரவரியில் அங்கே நடந்த வாக்கெடுப்பிலும் பெரும்பான்மை ஆதரித்தது, மூன்றில் இரண்டு கிடைக்கவில்லை. அதே வருடம் செப்ரெம்பரில் மறுபடி நடத்தியபோது ஏறத்தாழ 70 வீதம் ஆதரித்தார்கள். அடுத்த வருடம் முதல் பத்துப் பெண்கள் உள்ளே போனார்கள், அவரும் ஒருவர். வாக்கெடுப்பை இரண்டாம் முறையும் கேட்கலாம் என்பதை நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

எங்களில் ஒருத்தி கடையில் கணக்கெழுதுபவள். யாப்பின் அந்த வரியை மறுபடி வாசித்துவிட்டுக் கேட்டாள்: "முதலாவதாகப் பெயரிடப்பட்டவர் எண்டுதானே இருக்கு, தகப்பன் எண்டு இல்லையே?" 2024 ஏப்ரலில் சந்தாப் புதுப்பிப்புப் படிவம் வந்தபோது 19 குடும்பங்கள் தாயின் பெயரை முதலாவதாக எழுதின. ஒரு விதியையும் நாங்கள் மீறவில்லை. செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, தவறுதலாக எழுதிவிட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன்.

சில வீடுகளில் அந்த ஒரு வரிக்காக வாக்குவாதம் நடந்தது. கிரிக்கெட் பார்க்காத கணவர்கூட, தன் பெயர் இரண்டாவதாகப் போவதை அவமானமாக எடுத்தார். ஒரு சிநேகிதி படிவத்தைத் திருப்பி எழுதிக் கொடுத்துவிட்டாள். அவளை நாங்கள் குறை சொல்லவில்லை. பொதுக்கூட்டத்தில் கை உயர்த்துவதைவிடச் சாப்பாட்டு மேசையில் பேனையைப் பிடிப்பது சில பெண்களுக்குக் கடினம்.

அந்த நவம்பர் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் ஆதரவு 44, எதிர்ப்பு 17. யாப்பு மாறியது. அண்ணை கை உயர்த்தவில்லை, ஆதரவாகவும் இல்லை, எதிராகவும் இல்லை. பிரதான மைதானத்தின் ஞாயிறு காலைகள் ஒன்றுவிட்டு ஒரு வாரம் சிறுமிகளுக்கு என்று முடிவானது. பூங்காவில் நடக்கும் போட்டிகளுக்கு நடமாடும் மலசலகூடம் வாடகைக்கு எடுக்கப் பணம் ஒதுக்கப்பட்டது. விலகிப்போன இரண்டு பிள்ளைகளும் திரும்பி வரவில்லை. ஒருத்தி இப்போது கரப்பந்து விளையாடுகிறாள். மற்றவள் எதுவும் விளையாடுவதில்லை.

இதை வாசிக்கும் பெண்களுக்கு, முக்கியமாக மாணவிகளுக்கு, ஒன்று சொல்லவேண்டும். கிரிக்கெட் உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். ஆனால் உங்கள் ஊர்ச் சங்கம், கோயில் பரிபாலன சபை, பழைய மாணவர் சங்கம், தமிழ்ப் பாடசாலை எல்லாவற்றுக்கும் ஒரு யாப்பு இருக்கும். கேட்டு வாங்கி வாசியுங்கள். எங்கே 'குடும்பம்' என்ற சொல் வருகிறது, அந்தக் குடும்பத்தின் சார்பில் யார் கை உயர்த்துகிறார் என்று பாருங்கள். எங்கள் கழகத்தில் வாக்குரிமை பெற்ற பெண்கள் மூவர் அடுத்ததாக அதைத்தான் செய்கிறார்கள். தமிழ்ப் பாடசாலையின் யாப்பு ஒன்பது பக்கம். நான்காம் பக்கத்தில் அதே வரி இருக்கிறது.