நடந்து சேரும் அயல்நாடு

உதவித்தொகை காலந்தாழ்ந்து வரும் ஆய்வு மாணவருக்கு அயல்நாட்டுப் பயணம் எட்டாக்கனியாகவே தோன்றும். விமானக் கட்டணத்திலிருந்து கணக்கைத் தொடங்குவதே அதற்குக் காரணம். கோரக்பூர் வரை ரயிலிலும், சுனௌலி வரை பேருந்திலும் சென்றால், எல்லையைக் கடந்து நேபாளத்துக்குள் நடந்தே நுழையலாம். இந்தியருக்கு விசா தேவையில்லை. கடவுச்சீட்டு இல்லாதவருக்கு வாக்காளர் அடையாள அட்டை போதும். இந்திய 100 ரூபாய்க்கு அங்கே 160 நேபாள ரூபாய் மதிப்பு. பைரஹவா வழியாக லும்பினியைப் பார்த்துவிட்டு, கோரக்பூருக்கு இரண்டே நாளில் திரும்பிவிடலாம்.

லும்பினியில் அசோகர் நிறுத்திய தூண் நிற்கிறது. புத்தர் பிறந்த ஊர் என்பதால் அதன் வரியைக் குறைத்து, விளைச்சலில் எட்டில் ஒரு பங்கு போதுமென அவர் ஆணையிட்ட செய்தி அதில் பிராமியில் பொறிக்கப்பட்டுள்ளது. அவ்வெழுத்தை அச்சுப்படியில் மட்டுமே படித்தவர், கல்லில் எழுத்துக்கூட்டி வாசிக்கலாம். காண வேண்டியது எதுவென்று முதலில் முடிவு செய்தால், பயணம் உதவித்தொகைக்குள்ளேயே அடங்கிவிடும்.