அம்மாவின் அறைக்கு எட்டாத வைஃபை

வீட்டில் வைஃபை பெட்டியை எங்கே வைப்பது என்று யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. வயர் எந்த வழியாக உள்ளே நுழைகிறதோ அங்கேயே ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போகிறார் நெட் போட வருகிறவர். பெங்களூரை அடுத்த சந்தாபுராவில் ஓசூர் சாலையை ஒட்டி நெருக்கமாக எழும்பியிருக்கும் நான்கு மாடி, ஐந்து மாடி வாடகை வீடுகளில் அந்த இடம் பெரும்பாலும் வாசற்கதவுக்கு மேல்தான். ஹாலில் உட்கார்ந்து செல்போன் பார்ப்பவர்களுக்கு இதில் ஒரு குறையும் தெரியாது. கடைசி அறையில் இருப்பவருக்குத்தான் தெரியும். எங்கள் வீட்டில் கடைசி அறை அம்மாவுடையது.

அம்மா பாலக்கோட்டிலிருந்து எங்களோடு வந்து தங்கியதற்குக் காரணம் அவருடைய கண். குளுக்கோமா. பெரும்பாலும் கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு மெல்ல மெல்லக் கெட்டுப்போகும் நோய் அது. போன பார்வை திரும்பாது. மிச்சம் இருப்பதைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். அம்மாவுக்கு இப்போது வெளிச்சமும் நிழலும் தெரியும். ஆள் தெரியாது, கடிகாரம் தெரியாது.

ஊரில் இருந்தவரை அவருக்கு ரேடியோ துணையாக இருந்தது. தர்மபுரி பண்பலை ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கும் முன்னால், நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது, டெல்லியிலிருந்து வரும் தமிழ்ச் செய்திதான் எங்கள் வீட்டுக் காலை. சரோஜ் நாராயணசுவாமியின் குரல் கேட்டால் பள்ளிக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது என்று பொருள். 2022 ஆகஸ்டில் அவர் காலமானபோது அம்மா வெகுநேரம் அந்தக் குரலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். சந்தாபுராவுக்கு வந்த பிறகு அந்தப் பழைய டிரான்சிஸ்டரில் கன்னடமும் இந்தியும் தெளிவாகக் கேட்டன. தமிழ் கேட்டால் இரைச்சலோடு கேட்டது, இல்லையென்றால் கேட்கவே இல்லை.

ஸ்மார்ட் ஸ்பீக்கர் வாங்கலாம் என்று தோன்றியது அப்போதுதான். வாயால் கேட்டால் ரேடியோ வரும், மணி சொல்லும். ஆகாசவாணி தன் ஒலிபரப்புகளை 2019லேயே அமேசானின் குரல் உதவியான அலெக்சாவில் கொண்டுவந்துவிட்டது. அதனால் தமிழ் ஒலிபரப்பு கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தது. இதில் என் சுயநலமும் சேர்ந்திருந்தது என்பதை எழுதியாக வேண்டும். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில் நான் மீட்டிங்கில் இருக்கும்போது உள்ளிருந்து "இப்ப மணி என்ன பாப்பா?" என்று குரல் வரும். மைக்கை அணைத்துவிட்டுப் பதில் சொல்வேன். அந்தப் பதிலில் அன்பு இருந்ததில்லை. அம்மாவுக்கு மணி தெரிய வேண்டியிருந்தது. எனக்கு அந்தக் குரல் நிற்க வேண்டியிருந்தது. ஒரே பெட்டி இரண்டையும் செய்யும் என்று நினைத்தேன்.

ஸ்பீக்கரை ஹாலில் வைத்துத்தான் இணைத்தோம். இந்தப் பெட்டிகளில் பல முதன்முறை மின்சாரம் கொடுத்ததும் தாங்களே ஒரு சின்ன வைஃபையைத் திறக்கும். செல்போன் அதில் நுழைந்து, நம் வீட்டு வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் சொல்லிக் கொடுக்கும். பிறகு அந்தத் தற்காலிக வைஃபை மூடிக்கொள்ளும். சொல்வதற்கு எளிது. நடுவில் செல்போன் 'இந்த வைஃபையில் இன்டர்நெட் இல்லையே' என்று மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிட்டால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். அந்தச் சில நிமிடங்கள் மொபைல் டேட்டாவை அணைத்து வைப்பது நல்லது. லொகேஷன் அனுமதி கொடுக்காவிட்டால் ஆண்ட்ராய்டு போனில் அக்கம்பக்கத்து வைஃபைகளை ஆப் தேட முடியாது. ஆபீஸ் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால், பக்கத்திலேயே இருக்கும் ஸ்பீக்கரைப் போன் கண்டுபிடிக்காமல் போகலாம். ஹாஸ்டல், பிஜி மாதிரி இடங்களில் பிரவுசரில் பெயரும் பாஸ்வேர்டும் போட்டு லாகின் செய்யும் இணைப்பாக இருந்தால் சிக்கல் இன்னும் பெரிது. திரையில்லாத பெட்டி எந்தப் பக்கத்தைத் திறந்து லாகின் செய்யும்?

எங்களுக்கு அது சரியாகவே அமைந்தது. ஹாலில் பாட்டு வந்தது, பேத்தி கைதட்டினாள். பெட்டியைக் கொண்டுபோய் அம்மாவின் கட்டில் பக்கத்தில் வைத்தோம்.

அங்கே பாட்டு நடுவில் நின்றது. மறுபடி கேட்டால் வரும், மறுபடி நிற்கும். சில சமயம் கூப்பிட்டால் பதிலே இருக்காது. இதை நான் கவனிக்க வெகுநாள் ஆயிற்று. ஏனென்றால் அம்மா புகார் சொல்லவில்லை. ஒருநாள் காபி கொடுக்கப் போனபோது, தாழ்ந்த குரலில் கேட்டார்: "நான் ஏதாச்சும் தப்பா தொட்டுட்டனா பாப்பா? பேச மாட்டேங்குது."

பெட்டியின் மேல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இணைப்பு அறுந்துவிட்டது என்று அது தன் நிறத்தால் சொல்லிக்கொண்டிருந்தது. யாருக்கு? கேட்கிறது, யோசிக்கிறது, இணைப்பு இல்லை, மைக் அணைந்திருக்கிறது என்று பல செய்திகளையும் விளக்காலேயே சொல்கிற பெட்டியை, விளக்கின் நிறம் பார்க்க முடியாதவரிடம் கொடுத்திருந்தோம். கண் தெரிந்தவருக்கு அது 'நெட் போச்சு'. அம்மாவுக்கோ அது தான் செய்த தப்பு. எத்தனை நாள் அந்த அறையில் அவர் பெட்டியைக் கூப்பிட்டுவிட்டுப் பதில் வராமல் தன்னையே நொந்துகொண்டிருந்தார் என்பதை என்னால் இன்றும் எளிதாக நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அதன் பிறகுதான் வீட்டு வைஃபையை ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தேன். நம் வீடுகளில் இருக்கும் ரவுட்டர்கள் பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றன: 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். இரண்டாவது வேகமானது, ஆனால் சுவர்களைத் தாண்டிப் போகும்போது சீக்கிரம் தளர்ந்துவிடும். முதலாவது வேகம் குறைந்தது, தூரம் போகும். பாட்டுக்கும் செய்திக்கும் பெரிய வேகம் தேவையே இல்லை, அறாமல் வந்தால் போதும். எங்கள் ரவுட்டரில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்ததால், ஹாலில் பக்கத்திலேயே இருந்தபோது ஸ்பீக்கர் 5ஐப் பிடித்திருந்தது. கடைசி அறைக்குப் போன பிறகு இரண்டுக்கும் நடுவே தடுமாறிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, ஸ்பீக்கரை 2.4இல் மட்டும் சேர்த்தேன்.

பாதி சரியானது. மீதிப் பாதி சுவரில் இருந்தது. வாசலுக்கும் அம்மா அறைக்கும் நடுவில் கான்கிரீட் பிளாக் சுவர்கள், ஒரு தூண், கடைசியாக அம்மாவின் இரும்பு பீரோ. சுவர் அலையை மெலிய வைக்கும். இரும்பு அதைத் திருப்பியே அனுப்பிவிடும். பீரோவை எதிர்ச்சுவருக்குத் தள்ளினோம். நெட்காரரைக் கூப்பிட்டு, ஹாலுக்கும் அறைக்கும் நடுவிலுள்ள நடை அலமாரி வரைக்கும் லேன் வயர் இழுத்து, ரவுட்டரை அங்கே வைக்கச் சொன்னேன். "எதுக்கு மேடம், இங்கயே நல்லா வருதே" என்றார், வாசலில் நின்று தன் போனைப் பார்த்துக்கொண்டே. உள்ளே கூட்டிப்போய் அம்மா கட்டிலில் உட்கார்ந்து பார்க்கச் சொன்னேன். பார்த்தார். மறுபேச்சில்லாமல் வயர் இழுத்துக் கொடுத்தார்.

இன்னொன்று, 2.4இல் நெரிசல் அதிகம். எங்கள் கட்டடத்தில் போனைத் திறந்தால் வைஃபை பெயர்கள் திரை கொள்ளாமல் வரிசையாக வரும். அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில், அக்கம்பக்கத்தார் குறைவாக உட்கார்ந்திருக்கும் சேனலுக்கு மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பக்கத்துக்குப் போகும்போதே ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். 2016இல் மிராய் என்ற தீய நிரல் உலகம் முழுக்கக் கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது, தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாமல் விட்டிருந்ததால்தான்.

பிறகு கரண்ட். எங்கள் வீட்டில் யுபிஎஸ் உண்டு. ஆனால் யுபிஎஸ் லைன் போகும் பிளக்குகளில் ரவுட்டரும் இல்லை, அம்மாவின் ஸ்பீக்கரும் இல்லை; டிவி இருந்தது. கரண்ட் போனால் டிவி ஓடும், அம்மாவின் அறை அமைதியாகிவிடும். எலெக்ட்ரீஷியனை வைத்து இரண்டையும் மாற்றினோம்.

எனக்கு மிகவும் பயன்பட்டது ஆப்பின் உள்ளே, அணுகல்தன்மைப் பகுதியில் ஒளிந்திருந்த ஒரு சின்ன வசதி. ஸ்பீக்கர் நம் குரலைக் கேட்கத் தொடங்கும்போது ஒரு சிறு ஒலி எழுப்பும்படி வைக்கலாம். கேட்டு முடித்ததும் ஒரு ஒலி. வாங்கும்போது அது அணைந்தே இருக்கிறது. அதைப் போட்ட அன்றே அம்மாவின் பேச்சு மாறியது. ஒலி வந்தால் கேட்கிறது, வராவிட்டால் பெட்டிக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது. "உன் பொட்டி தூங்குது, வந்து பாரு" என்று இப்போது அதட்டிக் கூப்பிடுகிறார். எனக்கு அந்த அதட்டல் பிடித்திருக்கிறது.

மைக்கை அணைக்கும் பொத்தானும் மற்றப் பொத்தான்களைப் போலவே வழுவழுப்பாக இருந்தது. பேத்தி தன் கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை அதன்மேல் ஒட்டினாள். விரலுக்குச் சட்டென்று தட்டுப்படுகிறது. ஊரிலிருந்து சித்தியோ அத்தையோ வந்து கதவைச் சாத்திக்கொண்டு பேச உட்கார்ந்தால் அம்மாவின் கை முதலில் அந்தக் கல்லைத் தேடுகிறது. எங்கள் குடும்பக் கதை எந்த ஊரிலோ இருக்கும் கணினிக்கு எதற்கு என்கிறார். நியாயமான கேள்வி. குழந்தைகளின் குரல் பதிவுகளை வேண்டிய காலத்துக்கும் மேலாக வைத்திருந்தது என்ற வழக்கில், 2023இல் அமேசான் இரண்டரைக் கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது அமெரிக்காவில். பதிவுகளை அவ்வப்போது தானாக அழிக்கும்படி ஆப்பில் வைக்க முடியும். எங்கள் வீட்டில் அப்படித்தான் வைத்திருக்கிறோம், அம்மாவிடம் கேட்டுவிட்டு.

மொழி விஷயத்தில்தான் இன்னும் மனம் ஆறவில்லை. நாங்கள் அமைத்தபோது மொழிப் பட்டியலில் நமக்கென இருந்தவை இந்திய ஆங்கிலமும் இந்தியும். அம்மாவுக்கு இரண்டும் தெரியாது. ஆப்பில் குறிப்பிட்ட ஒரு வாக்கியம் கேட்டால் குறிப்பிட்ட ஒரு வேலை என்று முன்கூட்டியே கட்டி வைக்க முடியும். அம்மாவைத் தன் வழக்கப்படி "பாட்டு போடு" என்று சொல்லச் சொன்னேன். அது பெட்டியின் காதில் எப்படி விழுந்தது என்று ஆப்பிலுள்ள குரல் வரலாற்றில் பார்த்தால், 'பட்டர் போர்ட்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அந்தப் பொருளற்ற சொற்களையே கட்டளையாக வைத்தேன். பாட்டு வந்தது. செய்திக்கும் மணிக்கும் இதே வேலை. ஒவ்வொன்றுக்கும் அம்மா சொல்லச் சொல்ல, அது கேட்ட விதத்தையெல்லாம் வரிசையாகச் சேர்த்தேன். சளி பிடித்துக் குரல் கம்மினால் அவை வேலை செய்வதில்லை. எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் தன் வீட்டுக்குள், தன் தாய்மொழியில் பேசி, அது தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்டால்தான் பாட்டு கேட்க முடியும் என்ற நிலை சரியில்லை.

அமேசானின் எக்கோ 2017 அக்டோபரில் இந்தியாவுக்கு வந்தது, கூகுள் ஹோம் 2018 ஏப்ரலில். அலெக்சா 2019இல் இந்தி பேசத் தொடங்கிவிட்டது. 2011 கணக்கெடுப்பின்படி இந்த நாட்டில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஏறக்குறைய 6.9 கோடி, கர்நாடகத்தில் மட்டுமே 21 லட்சத்துக்கும் மேல். செல்போனில் கூகுள் அசிஸ்டன்ட் பல ஆண்டுகளுக்கு முன்பே தமிழைக் கேட்டுத் தமிழிலேயே பதில் சொல்லத் தொடங்கிவிட்டது. ஆகவே முடியாத காரியம் ஒன்றுமில்லை. இந்தப் பெட்டிகளைச் செய்கிற நிறுவனங்களிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்: போனுக்குக் கற்றுக்கொடுத்த தமிழை ஸ்பீக்கருக்கும் கற்றுக்கொடுங்கள். திரையைப் பார்க்க முடியாதவர்களுக்குத்தான் அது முதலில் வேண்டும்.