பென்சிற் குச்சியும் சுரங்கத் தொழிலாளியும்

இரத்மலானையில் நான் தமிழ் கற்பிக்கும் வகுப்பில் மாணவர் பலரின் கையில் இன்று மரப்பென்சில் இல்லை. தலையை அமுக்கினால் குச்சி முன்னே வரும் பொறிமுறைப் பென்சிலே இருக்கிறது. 'கிளிக் பென்சில்' என்பர். குச்சி அடிக்கடி முறிகிறதென்பது அவர்களின் ஓயாத முறைப்பாடு. "மலிவுச் சாமான், சேர்" என்று பென்சிலின்மேல் பழியைப் போடுவர்.

பொருளைப் பழிக்குமுன் அதன் உள்ளமைப்பை அறிய வேண்டாமா? ஒரு பென்சிலைக் கழற்றிக் காட்டினேன். உள்ளே பிளவுபட்ட சிறு தாடை, அதை இறுக்கும் வளையம், ஒரு சுருள்வில். அமுக்கும்போது தாடை குச்சியைப் பற்றியவாறே முன்னே செல்கிறது. வளையத்தை விட்டு நீங்கியதும் விரிந்து குச்சியை விடுகிறது. கையை எடுத்ததும் வில் தாடையைப் பின்னிழுக்க, வளையம் அதை மீண்டும் இறுக்குகிறது. ஓர் அமுக்கலுக்குக் குச்சி ஒரு மில்லிமீற்றர்கூட நகர்வதில்லை. 0.5 மில்லிமீற்றர் தடிப்புள்ள அந்தக் குச்சிக்குக் குழாயே துணை. துணையின்றி நீண்டு நிற்கும் பகுதிதான் முறிகிறது. ஆகவே ஓரிரு அமுக்கலே போதும். அழுத்தி எழுதும் கைக்கு 0.7 பொருந்தும், கருமை வேண்டுமாயின் அழுத்தத்தைக் கூட்டாது 2பி குச்சியை இடவேண்டும்.

குச்சி எதனாலானது? காரீயத்தால். 1795இல் பிரான்சின் கொந்தே என்பவர் காரீயத்தூளைக் களிமண்ணோடு பிசைந்து சுட்டு எழுதுகுச்சி செய்தார். நூலிழைபோன்ற குச்சிக்குக் களிமண்ணின் வலிமை போதவில்லை. 1960களில் யப்பானியர் செயற்கைப் பிசினைச் சேர்த்து அதனை வலுப்படுத்தினர்.

காரீயம் நமது மண்ணின் செல்வமல்லவா? கேகாலை மாவட்டத்துப் போகலவிலும், குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹவிலும் பாறையைப் பிளந்து, நிலத்தின் ஆழத்திலிருந்து அதை வெட்டியெடுக்கிறார்கள். முதல் உலகப்போரில் ஆயுதத் தொழிற்சாலைகளின் உலோகம் உருக்கும் மூசைகளுக்கு அது பெருமளவில் சென்றது. சுரங்க முதலாளிகள் செல்வர்களாயினர். போர் முடிந்ததும் விலை சரிந்தது, சுரங்கங்கள் மூடப்பட்டன, தொழிலாளர் தெருவுக்கு வந்தனர். துணையில்லாத பகுதியே இங்கும் முறிந்தது!

1958இல் அமெரிக்கரான லெனாட் றீட், பென்சிலே தன் வரலாற்றைக் கூறுவதாக ஒரு கட்டுரை எழுதினார். தனியொருவரால் செய்யவியலாத பென்சிலைச் சந்தையே ஆக்கித் தருகிறதென்பது அதன் வாதம். காரீயம் இலங்கையிலிருந்து வருவதை அது சொல்கிறது. சுரங்கத் தொழிலாளரையும் ஒரு வார்த்தையில் நினைக்கிறது. அவர்களுடைய கூலி எவ்வளவு என்று மட்டும் கேட்கவில்லை.

என் மாணவி ஒருத்தி கேட்டாள்: "காரீயம் நம்முடையது. இந்தக் குச்சிப் பெட்டியில் ஏன் அயல்நாட்டுப் பெயர், சேர்?" காரீயத்தைத் தோண்டும் கையும், அதைக் குச்சியாக்கும் அறிவும், ஆலையை நடத்தும் மூலதனமும் வெவ்வேறிடத்தில் இருப்பதே காரணம் என்றேன். அவை ஓரிடத்தில் சேரும் வழியை ஆராய்வது அவளுடைய தலைமுறையின் பாடம். அதற்கு முதற்படி, கையிலுள்ள பொருளைக் கழற்றிப் பார்க்கும் துணிவு.